பால் குடுக்கப் போன நேரம்

புதுசா இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லணும்னு என்னையக் கூப்பிட்டிருக்காக. நாலு வார்த்தையோட நிறுத்துற பழக்கம் எனக்குக் கிடையாது, அது உங்க பாடு. உங்க கையில படிப்பு இருக்கு. மனநல ஆலோசனைன்னு அதுக்கொரு பேரு இருக்கு, கதவு சாத்துன ரூமு இருக்கு, தலைக்கு மேல ஃபேன் சுத்துது. அதனால நாங்க செஞ்ச தப்பெல்லாம் உங்களுக்கு வராதுன்னு நினைச்சுக்கிடாதீக. நான் செஞ்ச தப்பை ஃபேனுக்கு அடியில உக்காந்தும் நல்லாவே செய்யலாம்.

நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தது ஐம்பதுகளோட கடைசியில. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவுல ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. காலையில கேட்டைத் திறக்கும்போதே வரிசை ரோடு வரைக்கும் நிக்கும். பதினோரு மணிக்குள்ள அம்புட்டுப் பேரையும் அனுப்பி வச்சிருவேன். சீட்டைப் பாரு, ஊசியைப் போடு, அடுத்த ஆளைக் கூப்பிடு. எஸ்தர் சிஸ்டர் கைன்னா வேகமான கைன்னு பேரு வாங்கியிருந்தேன். அதுல எனக்குத் தலைக்கனமும் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய்.

அந்த வரிசையில எப்பவும் கொஞ்சம் பேரு காய்ச்சலும் இல்லாம, புண்ணும் இல்லாம நிப்பாக. நெஞ்சு படபடன்னு அடிக்குது சிஸ்டர்ம்பாக. கொட்டக் கொட்ட முழிச்சுக் கிடக்கேன்ம்பாக. ஒரு வேலையும் ஓடல, சும்மா சும்மா அழுகை வருதும்பாக. பதற்றம், மனச்சோர்வுங்கிற வார்த்தையெல்லாம் அப்போ எங்க வாயில புழங்கல. ஊர்க்காரங்க பயந்த கோளாறுன்னு சொல்லி வேப்பிலை அடிப்பாக. எங்க சபையில தலையில கைவச்சு ஜெபம் பண்ணுவாக. ஆஸ்பத்திரியில நாங்க செவப்பா ஒரு சத்து ஊசி போடுவோம். ஜெபத்தைக் குறை சொல்றேன்னு நினைக்காதீக, நானும் தினம் முழங்கால் போடுறவதான். ஆனா மூணு இடத்துலயும் ஒரு விஷயம் ஒண்ணுபோல இருந்துச்சு. என்ன நடந்துச்சுன்னு அவுககிட்ட யாரும் கேக்குறதில்ல. ஊசி வலிக்குப் பயந்து பாதிப் பேரு அடுத்த வாரம் வரமாட்டாக. நான் குணமாயிருச்சுன்னு நினைச்சுக்கிடுவேன்.

அறுபதுகளோட தொடக்கத்துல ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு ஆலை இருந்துச்சு. கைப்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட மாசம் ஒருதரம் அங்க போவேன். வேலி ஓரத்துல ஒரு புளியமரம், அதுல நாலஞ்சு சேலைத் தொட்டில் தொங்கும். வேலைக்கு வர்ற தாய்மார் பிள்ளைகளை அங்கன போட்டுட்டுத்தான் வெடி உருட்டுற கொட்டகைக்குள்ள, செட்டும்பாக அதை, போவாக. தொட்டிலுக்குக் காவல் ராக்கம்மான்னு ஒரு வயசான அம்மா. அவுக மக குருவம்மாவும் அதே ஆலையில வேலை. சீசன் வந்துட்டா மேஸ்திரி யாரையும் இடத்தைவிட்டு எந்திரிக்க விடமாட்டார். தண்ணி குடிக்கப் போனாலும் முறைப்பார். பால் குடுக்கப் போறவளை மட்டும் தடுக்கமாட்டார். "பிள்ளை அழுகுது"ன்னு சொன்னா பேசாமத் தலையை ஆட்டிருவார்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தி ஒரு மத்தியானம் செட்டுல தீப்பிடிச்சிருச்சு. அந்தச் செட்டுல ரெண்டே பேரு. ஒருத்தி குருவம்மா. இன்னொருத்தி வேலம்மா, ஆறு மாசப் பெண்குழந்தைக்காரி. குருவம்மாவுக்கு அங்கயே உசுரு போயிருச்சு. வேலம்மா அந்நேரம் மரத்தடியில இருந்தா. கூட்டம் கூடி நீ மட்டும் எப்படித் தப்பிச்சேன்னு கேக்க, அவ வாயைத் திறக்குமுன்ன ராக்கம்மாதான் பதில் சொல்லியிருக்காக. மகளைப் பறிகுடுத்த அந்த வாயாலயே, "பிள்ளை அழுதுச்சு. பால் குடுக்க வந்தா"ன்னு.

ஊரு அதைப் பிடிச்சுக்கிருச்சு. தாயைக் காப்பாத்துன பிள்ளைன்னு பேராயிருச்சு. மல்லாங்கிணறுல இருந்தெல்லாம் சொந்தபந்தம் வந்து பிள்ளையைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போச்சு. ஆலைக்காரர் பிள்ளை காலுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டார்.

ஒரு மாசம் கழிச்சு வேலம்மாளை அவ மாமியார் எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாக. "என்னன்னு பாருங்க தாயி. சோறு இறங்க மாட்டேங்கு. அடுப்புப் பத்த வைக்கச் சொன்னா தீப்பெட்டியைத் தொடமாட்டேங்கா, கை நடுங்குது. அதுகூடப் போகுது, பெத்த பிள்ளையைத் தூக்க மாட்டேங்கா. பால் வத்திப் போச்சு."

நான் என்ன செஞ்சேன்? பிள்ளையை வாங்கி அவ மடியில வச்சேன். "இந்தா, பிள்ளை முகத்தைப் பாரு. உன்னையக் காப்பாத்துன பிள்ளை. இதைப் பாத்து மனசைத் தேத்திக்கோ"ன்னு சொன்னேன். சுட்ட சட்டியைத் தொட்டவ மாதிரி கையை இழுத்துக்கிட்டா. நான் அதைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சத்து ஊசி எழுதினேன்.

மறு வாரமும் அதே ஊசி, அதே புத்திமதி. மூணாவது தடவை எனக்குக் கோபம் வந்துருச்சு. வரிசை நீண்டு கிடக்கு, இவ தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கா. "ராக்கம்மா பெத்த மகளையே குடுத்துட்டு, மாரடிச்சு அழுது முடிச்சு, இன்னிக்குத் திடமா நடமாடுறாக. உசுரோட, பிள்ளையோட இருக்கிற உனக்கு என்ன குறை?" அப்படின்னு கேட்டேன். அவ தலை இன்னும் கொஞ்சம் குனிஞ்சுச்சு. நல்லா உறைக்கிற மாதிரி சொல்லிட்டோம்னு நான் நினைச்சேன்.

நாலாவது தடவை வந்தப்போ மாமியார் சீட்டு வாங்கப் போன நேரத்துல பிள்ளையை பெஞ்சுல கிடத்திட்டு வெளிய நடந்துட்டா. பிள்ளை கத்துது, தாயைக் காணோம். எங்க கேட் காவலாளிதான் ஓடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார். உச்சி வெயில்ல, செருப்பில்லாம, ரோட்டோட போய்க்கிட்டே இருந்திருக்கா. எங்க போனேன்னு கேட்டா "தெரியல"ங்கா.

அப்போதான் எங்க டாக்டரம்மா வெளிய வந்தாக. நாகர்கோவில் பக்கத்துக்காரங்க, வந்து ரெண்டு மாசம்தான் ஆகுது. என்னையவிட மூணு வயசு இளமை. மனநோய் வார்டு ஒண்ணுல கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு வந்திருந்தாக. எனக்கு அவுகளைக் கண்டாலே ஆகாது. ஒரு ஆளுக்குக் கால்மணி நேரம் எடுத்தா என் வரிசை என்னத்துக்கு ஆகும்? இவுக வைத்தியம் பாக்க வந்தாகளா, கதை கேக்க வந்தாகளான்னு கம்பவுண்டர்கிட்ட முனகியிருக்கேன்.

அவுக வேலம்மாளுக்குப் பக்கத்துல அதே பெஞ்சுல உக்காந்தாக. கொஞ்ச நேரம் பேசல. பிறகு சாதாரணக் குரல்ல, தாகமா இருக்கான்னு கேக்குற மாதிரி, "செத்துப் போயிரலாம்னு தோணுதா வேலம்மா?"ன்னு கேட்டாக.

இல்லாத நினைப்பை இவுகளே எடுத்துக் குடுக்காகளேன்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். வேலம்மா தலையை நிமித்தி அவுகளைப் பாத்தா. "தோணுது டாக்டரம்மா. தினமும் தோணுது"ன்னு சொல்லிட்டு அழுதா பாருங்க, அப்படி ஒரு அழுகை. இத்தனை நாள் அவ கண்ணுல நான் ஒரு சொட்டுத் தண்ணி பாத்ததில்ல.

பிறகு நான் டாக்டரம்மா ரூமுக்குப் போயி, நீங்க அப்படிக் கேட்டது சரியில்லன்னு சொன்னேன். அவுக கோபப்படல. "கேட்டதாலயா சிஸ்டர் அந்த நினைப்பு வந்துச்சு? அவ வாரக்கணக்கா அதோட தனியாக் கிடந்திருக்கா. நீங்க மூணு தடவை பாத்திருக்கீங்க"ன்னாக. குத்திக்காட்டவெல்லாம் இல்ல, உள்ளதைச் சொன்னாக. நான் ஊசிகளைக் கழுவுற இடத்துக்குப் போயி, கழுவுனதையே மறுபடி கழுவிக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னேன். அன்னிக்கு அந்தக் காவலாளி வெத்தலை வாங்க ஒரு எட்டு வெளிய போயிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்த நினைப்பு இந்த வயசுலயும் என்னைய விட்டுப் போகல.

வேலம்மாளை ஆஸ்பத்திரியிலயே படுக்க வச்சோம். ஒரு நிமிஷம்கூடத் தனியா விடக்கூடாதுன்னு மாமியார்கிட்டயும் புருஷன்கிட்டயும் டாக்டரம்மா விளக்கமாச் சொன்னாக. தூக்கத்துக்குக் கொஞ்ச நாள் மாத்திரை குடுத்தாக. காப்பாத்துன பிள்ளைங்கிற பேச்சை அவ காதுபட யாரும் எடுக்கக்கூடாதுன்னாக. கடைசியா எனக்கு ஒரு வேலை வச்சாக. தினம் மத்தியானம் அரைமணி நேரம் அவ பக்கத்துல போயி உக்காரணும்.

"என்ன சொல்லணும் டாக்டர்?"

"ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சும்மாவா உக்காரணும்?"

"சும்மாதான். உங்களுக்கு அதுதான் கஷ்டம்"னு சிரிச்சாக.

கஷ்டம்தான். முதல் நாள் கால்மணி நேரம் தாக்குப்பிடிச்சேன். பிறகு வெயிலைப் பத்திப் பேசினேன், எங்க சித்தி மக கல்யாணத்தைப் பத்திப் பேசினேன், ஒரு வேதவசனமும் சொன்னேன். வேலம்மா சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மறுநாள் வாயை அடைக்க ஒரு வழி கண்டுபிடிச்சேன். புண்ணுக்குப் போடுற கட்டுத்துணி சுருட்டுற வேலையைக் கூடையோட எடுத்துட்டுப் போனேன். கை ஓடுனா வாய் ஓடாதுல்ல.

மூணு நாள் நான் பாட்டுக்குச் சுருட்டினேன், அவ பாட்டுக்குக் கிடந்தா. நாலாம் நாள் எந்திரிச்சு உக்காந்து என் கையையே பாத்துக்கிட்டிருந்தா. அஞ்சாம் நாள் கையை நீட்டி ஒரு துணியை எடுத்துச் சுருட்ட ஆரம்பிச்சா. காகிதத்தை இறுக்கி வெடிக்குழாய் உருட்டிப் பழகின கை. அவ சுருட்டினது கல்லு மாதிரி இருந்துச்சு, நான் சுருட்டினது தொளதொளன்னு கிடந்துச்சு. அதைச் சொல்லக்கூட நான் வாயைத் திறக்கல. எனக்கே ஆச்சரியம்.

அதுக்கு மறுநாள், துணியைச் சுருட்டிக்கிட்டே, என்னையப் பாக்காமச் சொன்னா.

"பிள்ளை அழுகல சிஸ்டர்."

நாக்கு நுனியில எனக்கு எத்தனை வார்த்தை வந்து நின்னுச்சு தெரியுமா? என்ன சொல்றேன்னு அதட்டலாம். போனதைப் பேசாதேன்னு அடக்கலாம். எல்லாம் ஆண்டவர் சித்தம்னு முடிச்சு வச்சிரலாம். அதுல எதைச் சொல்லியிருந்தாலும் அவ மறுபடி சுவத்துப் பக்கம் திரும்பியிருப்பா, பிறகு யாராலயும் திருப்பியிருக்க முடியாது. உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். "அப்புறம்?"னு மட்டும் கேட்டேன்.

அப்புறம் அவ சொன்னா. அன்னிக்குக் காலையில இருந்து இடுப்பு வலி. பிள்ளை நல்ல தூக்கம். கொஞ்சம் கீழ கிடந்தாத் தேவலைன்னு இருந்திருக்கு. மேஸ்திரிகிட்ட பிள்ளை அழுகுதுன்னு சொல்லியிருக்கா. குருவம்மாகிட்டயும் அதையே சொல்லியிருக்கா. "போயிட்டு வாடி, உன் பங்கையும் நான் பாத்துக்கிடுறேன்"னாளாம் குருவம்மா. மரத்தடியில வந்து பாத்தா, ராக்கம்மா முந்தானையை முகத்துல போட்டுத் தூங்குறாக. மரத்துக்கு மறுபக்கம் போயிப் படுத்து கண்ணை மூடியிருக்கா. அப்போதான் சத்தம் கேட்டிருக்கு.

"பிள்ளை அழுதுச்சுன்னு ராக்கம்மா அத்தை சொன்னாக. மகளைக் குடுத்துட்டு நிக்காக, அவுக வாயால சொல்றாக. நான் இல்லைன்னு சொல்லலியே சிஸ்டர். இன்னிக்கு வரைக்கும் சொல்லலியே. எல்லாரும் பிள்ளையக் கும்பிடுறாக. அதைத் தூக்குனா எனக்கு நெஞ்சை அடைக்கு. அந்தக் கொலுசுச் சத்தம் கேட்டா அங்கனயே செத்துரலாம் போல இருக்கு."

காப்பாத்துன பிள்ளைன்னு சொல்லி நான் அவ மடியில வச்சது எதைன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சது.

அன்னிக்கு என் நல்ல காலம், டாக்டரம்மாகிட்டக் கேட்டுக்கிட்டேன். இல்லைன்னா அடுத்த தப்பையும் செஞ்சிருப்பேன். பாவத்தை அறிக்கையிட்டா மன்னிப்பு உண்டுன்னு வளந்தவ நான். ராக்கம்மாளை இப்பவே கூட்டிட்டு வந்து ரெண்டு பேரையும் பேச வச்சிருவோம், ஒரேயடியா முடிஞ்சிரும்னு குதிச்சேன். "உங்களுக்கு அவசரமா சிஸ்டர், அவளுக்கு அவசரமா?"ன்னு கேட்டாக. "உண்மை அவளோடது. யார்கிட்ட, எப்போ சொல்லணும்னு அவதான் முடிவு பண்ணணும். அதுவரைக்கும் அவ சொல்றதை நீங்க கேட்டுக்கிட்டிருங்க." சரின்னு வாயை மூடிக்கிட்டேன்.

ஒரே நாள்ல சரியாப் போயிருச்சுன்னு நினைச்சிராதீக. உள்ளே கிடந்தது வெளிய வந்ததும் ரெண்டு நாள் இன்னும் மோசமா இருந்தா. பிறகு மெல்ல மெல்லத் தூக்கம் வந்துச்சு, கஞ்சி இறங்குச்சு. கொலுசைக் கழட்டி வச்சிரலாமான்னு அவளே கேட்டா, கழட்டிட்டோம். வீட்டுக்குப் போனபிறகும் செவ்வாய்க்கிழமை தோறும் வருவா, என்கூட உக்காந்து துணி சுருட்டுவா. தீப்பெட்டிக்கு டாக்டரம்மா ஒரு வழி சொன்னாக. ஒரு வாரம் மூடுன பெட்டியைக் கையில வச்சுக்கிட்டா போதும். அடுத்த வாரம் திறந்து மூடணும். அதுக்கடுத்து மாமியார் குச்சியை உரசுறதைப் பக்கத்துல நின்னு பாக்கணும். நெஞ்சு அடிச்சுக்கிட்டா ஓடாம நிக்கணும், தானா அடங்குற வரைக்கும். நடுவுல ஒரு வாரம் எல்லாம் பழையபடி ஆயிருச்சு, அழுதுக்கிட்டு வந்தா. நானும் போச்சுடான்னு உக்காந்துட்டேன். டாக்டரம்மா அசரல, போன வாரம் செஞ்சதையே மறுபடி செய்யச் சொன்னாக. பொங்கலுக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை வந்து, "இன்னிக்கு நான்தான் அடுப்புப் பத்த வச்சேன்"னா. தலைச்சுமையை எறக்கி வச்சவ மாதிரி அப்படி ஒரு பெருமூச்சு.

படபடப்பை நடிப்புன்னு சொல்றவங்க உங்க காலத்துலயும் இருப்பாக. கை நடுங்குனது நடிப்பில்ல, சோறு இறங்காததும் நடிப்பில்ல. சில பேருக்கு மாத்திரை வேணும், மாசக்கணக்கா வேணும், அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மத்தபடி நீங்க குடுக்கப் போற ஆறுதலை வாயை விட்டு விடுறதுக்கு முந்தி, அது அவுகளுக்கு ஆறுதல்தானான்னு முதல்ல கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. நான் தெரிஞ்சுக்கிடல. அதுக்கு ஒரு உசுரு போயிருக்கும்.

பொங்கல் கழிஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை வேலம்மா ஒரு கையில பிள்ளையோட, இன்னொரு கையில ராக்கம்மாளைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. நாங்க யாரும் சொல்லல, அவளா எடுத்த முடிவு. "சிஸ்டர், நீங்க இங்கனயே இருங்க. நான் அத்தைகிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. குருவம்மாளைப் பெத்தவ என்ன சொல்லுவாளோ, இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் ஒரு வார்த்தையில போயிருமோன்னு பயம். ஆனாலும் நான் குறுக்க போகல.

வேலம்மா சொன்னா. இடுப்பு வலி, பொய், மரத்தடி எல்லாத்தையும், ஒண்ணைக்கூட மறைக்காமச் சொன்னா. சொல்லி முடிச்சுட்டுத் தலையைக் குனியாம அவுக முகத்தையே பாத்தா.

ராக்கம்மா பிள்ளை தலையை ஒருதரம் தடவினாக. பிறகு, "தெரியும் தாயி"ன்னாக.

"அத்தை?"

"நான் எங்க தூங்குனேன்? வெயிலுக்கு முந்தானையைப் போட்டிருந்தேன். நீ வந்ததும் தெரியும், படுத்ததும் தெரியும். முந்தின நாளு குருவம்மாவும் அப்படித்தானே வந்து கிடந்தா, வேலம்மா பிள்ளை அழுகுது, ஆட்டிவிட்டு வர்றேன்னு மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டு. அன்னிக்கு அவ பங்கை நீதானே உருட்டுன? நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வந்து இடுப்பைச் சாய்க்கிறதை நான் எத்தனை நாளாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

நான்தான் கேட்டேன், கேக்காம இருக்க முடியல. "பிறகு ஏம்மா பிள்ளை அழுதுச்சுன்னு சொன்னீக?"

"கூட்டம் அவளைப் பாத்துக் கேக்குது தாயி, நீ எப்படித் தப்பிச்சேன்னு. தூங்கப் போனான்னு தெரிஞ்சா ஊரு விட்டிருமா? என் மகளைத்தான் என்னால வெளிய இழுக்க முடியல. இவளையாவது இழுப்போம்னு வாயில வந்ததைச் சொன்னேன். அது இவளை இப்படி வாட்டும்னு எனக்குத் தெரியாதே."

வேலம்மா அவுக மடியில முகத்தை வச்சு அழுதா. ராக்கம்மா அவ தலையைத் தடவிக்கிட்டே இருந்தாக. அழல. பிள்ளை அவுக ரெண்டு பேருக்கும் நடுவுல கிடந்து கட்டுத்துணியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. நான் எந்திரிச்சேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சு, வெளிய வரிசை நிக்குது, டாக்டரம்மாகிட்டப் போயிப் பெருமையாச் சொல்லணும்னு வாசல் வரைக்கும் போயிட்டேன்.

"தாயி"ன்னு ராக்கம்மா கூப்பிட்டாக.

திரும்பினேன். அவுக முகத்தை அன்னிக்குத்தான் சரியாப் பாத்தேன். கண்ணு குழிக்குள்ள போயிருந்துச்சு. கழுத்தெலும்பு எடுத்துக்கிட்டு நின்னுச்சு. இந்த அம்மா திடமா நடமாடுறாகன்னுதானே நான் வேலம்மாகிட்டச் சொன்னேன்?

"அன்னிக்கு இருந்து எனக்கும் பொட்டுத் தூக்கம் இல்ல தாயி. ஒப்பாரி வச்சு அழுதுட்டேன்ல, அதனால எனக்குச் சரியாயிருச்சுன்னு எல்லாரும் போயிட்டாக. இவ சொல்றா, இங்கன ஒருத்தர் பக்கத்துல உக்காருவாகன்னு. எனக்கும் உக்காருவாகளா?"

வெளிய வரிசைக்குச் சீட்டு குடுக்கிறவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நாற்காலியை ராக்கம்மா பக்கம் திருப்பிப் போட்டு உக்காந்தேன்.